பிஎஸ் கோப்பிலிருந்து இபிஎஸ் படம்: கட்டளை வரியில் செய்வோருக்கான கேள்வி பதில்

மதுரையில் இந்தக் கேள்விகள் இரண்டு திசையிலிருந்து வருகின்றன. ஒன்று, மாசி வீதிகளை ஒட்டிய டிடிபி கடைகள்: கல்யாணப் பத்திரிகை, காலண்டர், கோயில் விழா நோட்டீஸ். இன்னொன்று, நாகமலைப் பக்கம் பல்கலைக்கழகத்திலும் திருப்பரங்குன்றம் பக்கம் பொறியியல் கல்லூரியிலும் ஆய்வேடு எழுதுகிறவர்கள்: வரைபடம், மின்சுற்றுப்படம், ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரை. வேலை வேறாக இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான். முழுப் பக்கமாக இருப்பதை, இன்னொரு பக்கத்துக்குள் வைக்கக்கூடிய படமாக மாற்ற வேண்டும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பிஎஸ், இபிஎஸ் இரண்டும் ஒன்றுதானே? கோப்பின் பெயரை மாற்றினால் போதாதா?

போதாது. ஆனால் சில சமயம் பெயரை மாற்றினாலே வேலை நடந்துவிடும், அதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

பிஎஸ் என்று சுருக்கிச் சொல்லும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பது அடோபி நிறுவனம் 1984-இல் வெளியிட்ட பக்க விவரிப்பு மொழி. அது படம் அல்ல, நிரல். 'இந்த இடத்துக்குப் போ, இங்கிருந்து அங்கே கோடு போடு, இந்த எழுத்துருவில் இதை எழுது, பக்கத்தை வெளியே தள்ளு' என்று அச்சு இயந்திரத்துக்கு வரிவரியாக ஆணையிடும். இயந்திரம் முழுவதும் தனக்கே என்று நினைத்து எழுதப்பட்டது என்பதால் தாளின் அளவை மாற்று, தட்டை மாற்று, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆரம்பி என்ற ஆணைகளும் உள்ளே இருக்கலாம். அப்படியொரு கோப்பை இன்னொரு பக்கத்தின் நடுவே வைத்தால், அந்த ஆணைகள் சுற்றியிருக்கும் பக்கத்தையும் சேர்த்துக் கலைத்துவிடும்.

இபிஎஸ் (என்கேப்சுலேட்டட் போஸ்ட்ஸ்கிரிப்ட்) என்பது அதே மொழிதான், ஆனால் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது. ஒரே பக்கம்தான் இருக்கலாம். பக்கம் முழுவதையும் பாதிக்கும் ஆணைகள் கூடாது. முதல் வரியிலேயே தான் இபிஎஸ் என்று அறிவித்துக்கொள்ள வேண்டும். தலைப்புப் பகுதியில் பவுண்டிங் பாக்ஸ் என்ற வரி கட்டாயம்.

அந்த வரிதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். மனையை அளந்து கல் ஊன்றுவது மாதிரி, படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நாலு எண்ணில் சொல்வது அது. முதல் இரண்டு எண் இடது கீழ் மூலை, அடுத்த இரண்டு வலது மேல் மூலை. அளவு பாயிண்ட்டில், 72 பாயிண்ட் ஒரு அங்குலம். 72, 500, 288, 716 என்று இருந்தால், படம் 216 பாயிண்ட் அகலம், 216 உயரம், அதாவது மூன்று அங்குலச் சதுரம். 0, 0, 595, 842 என்று இருந்தால் அது ஏ4 தாளின் அளவு. யாரும் படத்தை அளக்கவே இல்லை, தாளை அளந்து போட்டுவிட்டார்கள் என்று பொருள்.

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில்தான் முடிகின்றன. வேறெதையும் தொடும் முன் கோப்பை நோட்பேட் போன்ற ஒரு உரைத் தொகுப்பானில் திறந்து அந்த வரியைப் பாருங்கள்.

எதையெல்லாம் நிறுவ வேண்டும்?

கோஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லாமல் எதுவும் நடக்காது. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியைப் படித்து நிறைவேற்றும் திறமூல நிரல் அது, எல். பீட்டர் டாய்ச் தொடங்கியது, முதல் வெளியீடு 1988. அதன் மேல் பிஎஸ்2இபிஎஸ் என்ற சிறு நிரல்; ரோலண்ட் பிளெஸ் பெர்ல் மொழியில் எழுதியது. பிடிஎஃப் வேலைக்கு பாப்ளர் கருவிகள். உபுண்டு, டெபியன் இரண்டிலும் மூன்றும் வழக்கமான களஞ்சியத்திலேயே கிடைக்கும். விண்டோஸில் கோஸ்ட்ஸ்கிரிப்டை நிறுவியதும் அதன் கட்டளைப் பெயர் ஜிஎஸ்வின்64சி. லினக்ஸில் வெறும் ஜிஎஸ்.

கட்டளையை நேரடியாகச் சொல்லுங்கண்ணே, பாடம் பிறகு படிச்சுக்கிறேன்.

பிஎஸ்2இபிஎஸ் -எல் கோலம்.பிஎஸ்

அவ்வளவுதான். அதே அடைவில் (ஃபோல்டரில்) கோலம்.இபிஎஸ் என்று புதுக் கோப்பு வரும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் மேலெழுத மறுக்கும். பரவாயில்லை, எழுது என்று சொல்ல -எஃப் சேருங்கள். ஹைஃபனுக்குப் பின் வருவது ஆங்கில எல், எண் 1 அல்ல. தொலைபேசியில் சொல்லும்போது பாதிப் பேர் 1 என்று தட்டிவிட்டு 'வரலியே' என்கிறார்கள்.

-எல் எதற்கு? அது இல்லாமலும் கோப்பு வருகிறதே.

வரும், ஆனால் ஓரம் வெட்டுப்பட்டு வரலாம். பவுண்டிங் பாக்ஸ் எண்கள் முழு எண்கள். புள்ளிக் கோலத்தின் வெளிச்சுற்றுக் கோடு சரியாக எல்லையில் போகிறது என்றால், கோட்டின் கனத்தில் ஒரு பகுதி எல்லைக்கு வெளியே நிற்கும். அச்சில் பார்த்தால் மூன்று பக்கம் கோடு தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் தெரியும். -எல் கொடுத்தால் நாலு பக்கமும் ஒரு பாயிண்ட் தளர்த்திவிடும். சுங்குடிப் புள்ளி வடிவம், பத்திரிகைக் கரை, கட்டம் போட்ட வரைபடம் என்று ஓரத்தில் கோடு உள்ள எதற்கும் இதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் படத்தைச் சுற்றி ஏ4 அளவுக்கு வெள்ளை நிற்கிறது. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம்.

முதலாவது, உள்ளே போன கோப்பிலேயே தவறான பவுண்டிங் பாக்ஸ் இருக்கிறது. பெரிய எழுத்து பி போட்டு, -பி என்று கொடுத்தால் பழைய எல்லையைப் பொருட்படுத்தாமல் அளக்கும்.

இரண்டாவது, கொஞ்சம் கள்ளத்தனமானது. பல வரைகலை நிரல்கள் பின்னணிக்காகப் பக்கம் முழுக்க ஒரு வெள்ளைச் செவ்வகத்தை முதலில் வரைந்துவிடும். கண்ணுக்கு அது வெற்றிடம். நிரலுக்கு அதுவும் ஒரு வடிவம். பிஎஸ்2இபிஎஸ் இங்கேதான் உதவுகிறது. அது கோப்பைப் புள்ளிப் படமாக வரைந்து பார்த்து, வெள்ளையல்லாத புள்ளி எங்கிருந்து எங்கு வரை என்று கண்டுபிடிக்கிறது. ஆனால் அந்த வெள்ளைச் செவ்வகம் கோப்பிலிருந்து போய்விடாது. நிறப் பின்னணியின் மேல் படத்தை வைத்தால் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். மஞ்சள் பத்திரிகை அட்டையில் பிள்ளையார் படம் வெள்ளைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம். இங்கே சொல்லும் கட்டளைகள் எதுவும் அதை நீக்காது. மூல வரைபடத்துக்குப் போய்ப் பின்னணியை 'நிறமில்லை' என்று வைக்க வேண்டும். வெள்ளை என்பது வேறு, நிறமில்லை என்பது வேறு.

எல்லையை மட்டும் தெரிந்துகொள்ள, எதையும் மாற்றாமல்:

ஜிஎஸ் -கியூ -டிநோபாஸ் -டிபேட்ச் -எஸ்டிவைஸ்=பிபாக்ஸ் கோலம்.பிஎஸ்

இதில் நோபாஸ், பேட்ச், டிவைஸ் மூன்றும் முழுக்கப் பெரிய எழுத்து. முன்னால் உள்ள டி, எஸ் சிறிய எழுத்து. திரையில் இரண்டு வரி வரும்: முழு எண்ணில் ஒன்று, தசமத்தில் ஒன்று.

கோரல்டிராவில் 'பிரிண்ட் டு ஃபைல்' கொடுத்தேன். பிஆர்என் என்ற பின்னொட்டோடு கோப்பு வந்தது. இதுவும் போஸ்ட்ஸ்கிரிப்டா?

எந்த அச்சு இயக்கியை (பிரிண்டர் டிரைவரை) தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உரைத் தொகுப்பானில் திறங்கள். சதவீதக் குறியும் ஆச்சரியக்குறியும் தொடக்கத்தில் இருந்தால் போஸ்ட்ஸ்கிரிப்ட். அதற்கு முன்னால் பிஜேஎல் என்ற சொல்லோடு சில வரிகள் இருந்தால், அவை இயந்திரத்துக்கான முன்னுரை. உள்ளே போஸ்ட்ஸ்கிரிப்ட் இருக்கலாம். இதுபோன்ற சில்லறைத் தொந்தரவுகளைப் பிஎஸ்2இபிஎஸ் பெரும்பாலும் தானே வடிகட்டிவிடும். படிக்கவே முடியாத குப்பையாக இருந்தால் அது வேறு அச்சு மொழி. இயக்கியை மாற்றித் திரும்ப எடுங்கள்.

கோரலிலேயே இபிஎஸ் ஏற்றுமதி இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு என்று நான் எல்லோரிடமும் கேட்பதுண்டு. அச்சுக் கோப்பு மட்டும் மிஞ்சி, மூலக் கோப்பு காணாமல் போன பழைய வேலைகளுக்குத்தான் இந்த வழி.

என் கோப்பில் பல பக்கங்கள். மூன்றாம் பக்கத்துப் படம் மட்டும் வேண்டும்.

இபிஎஸ்ஸில் ஒரு பக்கம்தான். முதலில் பிஎஸ்செலெக்ட் கொண்டு பிரித்தெடுங்கள். பிஎஸ்யூடில்ஸ் தொகுப்பில் இருக்கிறது:

பிஎஸ்செலெக்ட் -பி3 முழுசு.பிஎஸ் மூணு.பிஎஸ்

பிறகு மூணு.பிஎஸ் மேல் வழக்கமான கட்டளை.

என்னிடம் பிஎஸ் இல்லை, பிடிஎஃப்தான் இருக்கிறது.

இன்று பாதிப் பேரின் நிலை இதுதான். பாப்ளரில் உள்ள பிடிஎஃப்டாப்ஸ் போதும்:

பிடிஎஃப்டாப்ஸ் -இபிஎஸ் -எஃப் 3 -எல் 3 ஆய்வேடு.பிடிஎஃப் வரைபடம்.இபிஎஸ்

இங்கே -எஃப் தொடக்கப் பக்கம், -எல் கடைசிப் பக்கம். மேலே பார்த்த -எஃப், -எல் வேறு வேலைக்கானவை. கருவிக்குக் கருவி பொருள் மாறும். பல பக்கக் கோப்பு என்றால் இரண்டையும் ஒரே எண்ணாகக் கொடுத்தாக வேண்டும்.

படத்துக்குள் இருந்த தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறிவிட்டது!

பாமினி மாதிரி பழைய எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் எண்கள். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டும்தான். எழுத்துரு கோப்போடு சேர்ந்து வராவிட்டால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் கையில் இருக்கும் வேறொன்றைப் போடும், உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும்.

பிடிஎஃப் ஆக இருந்தால் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்ற கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். எழுத்துருப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேராக அது உட்பொதிந்திருக்கிறதா என்று ஆம், இல்லை வரும். இல்லை என்று வந்தால், எழுத்துரு நிறுவியிருக்கும் கணினிக்குத் திரும்பிப் போய் உட்பொதித்து எடுப்பதைத் தவிர வழி கிடையாது.

ஆம் என்று வந்தும் அடுத்த கடையில் கோளாறு ஆகிறதென்றால், எழுத்துகளை வடிவக் கோடுகளாகவே மாற்றிவிடலாம். கோஸ்ட்ஸ்கிரிப்டில் இபிஎஸ்2ரைட் என்ற வெளியீட்டுக் கருவியைத் தேர்ந்து, நோ அவுட்புட் ஃபான்ட்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும்:

ஜிஎஸ் -ஓ பத்திரிகை.இபிஎஸ் -எஸ்டிவைஸ்=இபிஎஸ்2ரைட் -டிநோஅவுட்புட்ஃபான்ட்ஸ் பத்திரிகை.பிடிஎஃப்

நோ, அவுட்புட், ஃபான்ட்ஸ் என்ற ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கி, இடைவெளி இல்லாமல் ஒட்டி வரும். எழுத்து படமாகிவிடுவதால் எந்தக் கணினியிலும் குலையாது. பிழை திருத்தவும் முடியாது. பெண் வீட்டார் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்துதான். மெய்ப்பு முடிந்து கையெழுத்து வாங்கிய பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள்.

யூனிகோட் தமிழுக்கு இந்தத் தொல்லை குறைவு. 'கொ' என்பதில் கொம்பும் காலும் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை மூல நிரலே முடிவு செய்து, வடிவங்களை இடம் வைத்துத்தான் போஸ்ட்ஸ்கிரிப்டுக்குத் தருகிறது.

வரைபடம் பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறது.

பிஎஸ்2இபிஎஸ் என்றால் பெரிய ஆர் போட்டு, -ஆர் + என்றால் 90 பாகை ஒரு பக்கம், -ஆர் - என்றால் மறு பக்கம். கோஸ்ட்ஸ்கிரிப்டில் நேராக மாற்றும்போது திரும்புகிறதென்றால், எழுத்து அதிகமாக ஓடும் திசையைப் பார்த்து அது தானாகப் பக்கத்தைத் திருப்புகிறது. -டிஆட்டோரொட்டேட்பேஜஸ்=/நன் என்று வையுங்கள் (டி தவிர ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும்). ஆர் என்ற புள்ளியியல் மொழியில் வரைகிறவர்கள் மூலத்திலேயே சரிசெய்துவிடலாம்: போஸ்ட்ஸ்கிரிப்ட் வெளியீட்டின் இயல்பே படுக்கைவாட்டம்தான். ஹாரிஸான்டல், ஒன்ஃபைல் இரண்டையும் ஃபால்ஸ் (முழுக்கப் பெரிய எழுத்து) ஆக்கி, பேப்பர் என்பதை ஸ்பெஷல் என்று கொடுத்தால் நேராக நல்ல இபிஎஸ் வரும்.

படங்களை மாற்றித் தரும் இமேஜ்மேஜிக் நிரலின் கன்வர்ட் கட்டளை போதாதா? ஒரே வரிதானே.

வேண்டாம். அது கோடுகளைப் புள்ளிகளாக்கி, புள்ளிப் படத்தை இபிஎஸ் உறைக்குள் போட்டுத் தரும். பெயர் இபிஎஸ், உள்ளே இருப்பது புகைப்படம் மாதிரி. பெரிதாக்கினால் பல்லிளிக்கும். ஒரு சின்ன வரைபடம் திடீரென்று பல மெகாபைட் ஆகிவிட்டதென்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

'அனுமதி இல்லை' என்று அது மறுப்பதற்கும் காரணம் உண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரல் மொழி என்பதால் தீய கோப்பு உங்கள் கணினியில் வேலை காட்டிவிட முடியும். 2018-இல் கோஸ்ட்ஸ்கிரிப்டில் பல பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்த பின், பல லினக்ஸ் வெளியீடுகள் இமேஜ்மேஜிக்கின் வழியே பிஎஸ், இபிஎஸ், பிடிஎஃப் படிப்பதை மூடிவைத்தன. கோஸ்ட்ஸ்கிரிப்டும் 2019-இல் வந்த 9.50 பதிப்பிலிருந்து பாதுகாப்பு முறையை இயல்பாகவே இயக்குகிறது. அந்தத் தடையை நீக்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். ஊர்பேர் தெரியாதவர்கள் பென் டிரைவில் கோப்பு கொண்டுவரும் கடைக் கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

நிழலும் மங்கலும் போட்ட இடம் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

ஒளி ஊடுருவும் தன்மை போஸ்ட்ஸ்கிரிப்டில் கிடையாது. பிடிஎஃப் 1.4 பதிப்பில் அது வந்தது. இபிஎஸ்ஸுக்கு வரவே இல்லை. மாற்றும்போது அந்தப் பகுதி புள்ளிப் படமாகிவிடுகிறது. தெளிவு கூட வேண்டுமானால் -ஆர்600 போல அடர்த்தியை ஏற்றலாம் (இங்கே ஆர் சிறிய எழுத்து). பைத்தான் மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் அரை ஊடுருவல் நிறம் போட்டு இபிஎஸ்ஸாகச் சேமித்தால், எச்சரிக்கை ஒன்று காட்டிவிட்டு அடர் நிறமாகவே தரும். ஆய்விதழ் இபிஎஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டால், ஊடுருவலை விட்டு வெளிர்நிறம் போடுங்கள்.

வேர்டில் இபிஎஸ் நுழைய மாட்டேன் என்கிறது.

பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. 2018-க்குப் பிறகான ஆஃபிஸில் முயல வேண்டாம். எஸ்விஜி என்ற கோட்டுப் பட வடிவில் கொடுங்கள்.

ஆய்வேடு, கட்டுரை அச்சுக்கோக்கும் லேடெக்ஸில்?

பழைய முறைக்கு, அதாவது டிவிஐ என்ற இடைநிலைக் கோப்பு வழியாகப் போகிறவர்களுக்கு, இபிஎஸ்தான் தாய்மொழி. பிடிஎஃப்லேடெக்ஸுக்கு பிடிஎஃப் வேண்டும். லேடெக்ஸ் தொகுப்பான டெக்ஸ்லைவின் இன்றைய பதிப்புகள் இபிஎஸ்ஸைப் பார்த்ததும் பின்னணியில் தானே மாற்றிக்கொள்கின்றன. நீங்களே மாற்ற, இபிஎஸ்டுபிடிஎஃப் கட்டளை: பவுண்டிங் பாக்ஸ் அளவுக்கே பக்கத்தை வெட்டித் தரும். தாளின் நடுவில் குட்டிப் படம் என்ற கோலம் வராது.

சிவகாசிக்கு அனுப்பினேன். நிறம் மாறி வந்திருக்கிறது என்று வாடிக்கையாளர் சண்டை.

திரை நிறத்துக்கு ஆர்ஜிபி, ஆஃப்செட் அச்சுக்கு சிஎம்ஒய்கே: சியான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. கோஸ்ட்ஸ்கிரிப்டில் -எஸ்கலர்கன்வர்ஷன்ஸ்ட்ராட்டஜி=சிஎம்ஒய்கே என்று கொடுத்து மாற்றலாம் (எஸ் தவிர ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும், சிஎம்ஒய்கே முழுக்கப் பெரிய எழுத்து). ஆனால் ஆர்ஜிபி கறுப்பு நாலு மையும் கலந்த கறுப்பாக மாறக்கூடும். பெரிய எழுத்தில் தெரியாது. பத்திரிகையின் அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற சின்ன எழுத்தில், தகடு இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் விழும். அதனால் எழுத்தை மூலத்திலேயே நூறு சதவீதக் கறுப்பு மட்டும் என்று வைத்துவிட்டு மாற்றத்துக்கு வாருங்கள். இந்த ஒன்றில் கட்டளை வரியை நம்புவதைவிட வரைகலை நிரலில் கண்ணால் பார்த்துச் செய்வதே மேல் என்பது என் கட்சி.

வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் மாதிரி காட்ட வேண்டும். இணையப் பக்கத்திலும் போட வேண்டும்.

கைபேசியோ உலாவியோ இபிஎஸ்ஸைக் காட்டாது. மாதிரிக்கு பிஎன்ஜி: கோஸ்ட்ஸ்கிரிப்டில் டிவைஸ் என்பதை பிஎன்ஜி16எம் என்று வைத்து, -டிஇபிஎஸ்கிராப் (இபிஎஸ் முழுக்கவும் கிராப்பின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து) சேர்த்து, -ஆர்300 கொடுங்கள். மூன்று அங்குலக் கோலம் 900 புள்ளி அகலத்தில் வரும். இபிஎஸ்கிராப்பை மறந்தால் முழுத் தாளாக வரும். இணையத்துக்கு எஸ்விஜி: முதலில் பிடிஎஃப் ஆக்கி, பிறகு பிடிஎஃப்டுகெய்ரோ -எஸ்விஜி.

இந்தக் காலத்தில் இபிஎஸ் தேவையா என்ன?

புதிதாகத் தொடங்கும் வேலைக்குத் தேவையில்லை. பிடிஎஃப்தான் என் தேர்வு. எழுத்துருவை ஒழுங்காகச் சுமக்கும், ஊடுருவலைத் தாங்கும், யாரிடமும் திறக்கும். ஆப்பிள்கூட 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்சுரா பதிப்பிலிருந்து பிரிவியூ நிரலில் பிஎஸ், இபிஎஸ் காட்டுவதை எடுத்துவிட்டது. ஆனாலும் இபிஎஸ் கேட்கும் ஆய்விதழ்கள் இருக்கின்றன, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரலை விடாத கடைகள் இருக்கின்றன, பழைய பிள்ளையார் சுழி, மீனாட்சி, தாமரைக் கரை என்று வருடக்கணக்கில் சேர்த்த படக் களஞ்சியங்கள் எல்லாம் இபிஎஸ்ஸில்தான் கிடக்கின்றன. கேட்டால் கொடுங்கள், கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஒரு அடைவு முழுக்க பிஎஸ் கோப்புகள். ஒவ்வொன்றாகத் தட்ட முடியாது.

பிஎஸ்2இபிஎஸ் பல பெயர்களை ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும்:

பிஎஸ்2இபிஎஸ் -எல் -எஃப் *.பிஎஸ்

கோஸ்ட்ஸ்கிரிப்டால் செய்வதானால், லினக்ஸில் ஃபார் சுழல் ஒன்று எழுதி உள்ளே கட்டளையைப் போடுங்கள். அப்போது கோப்பின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்: 'சித்திரைத் திருவிழா நோட்டீஸ் கடைசி புதுசு' என்று இடைவெளி விட்டுப் பெயர் வைப்பதுதான் நம் கடைகளின் வழக்கம், மேற்கோள் இல்லாவிட்டால் அது ஐந்து கோப்பாகப் பிரிந்து ஒன்றும் கிடைக்காமல் நிற்கும். -எஃப் கொடுத்து மொத்தமாக ஓட்டும் முன், அடைவில் கையால் திருத்திய இபிஎஸ் ஏதாவது அதே பெயரில் இருக்கிறதா என்று பார்த்து வேறு இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். எழுதியது எழுதியதுதான், குப்பைத் தொட்டியிலும் தேட முடியாது.